பெரியப்பாவின் பிளைமவுத்

மன்னார்குடிப் பக்கம் ஒரு காலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசிடர் வந்தால் பெண் வீட்டார் முகம் சுருங்கிவிடும். 'பிளஷர்' வர வேண்டும். பிளஷர் என்றால் படகு மாதிரி நீளமான அமெரிக்கக் கார்.

என் பெரியப்பா அப்படி ஒரு பிளைமவுத்துக்கு டிரைவர். பம்பாயில் பிரீமியர் கம்பெனி பூட்டிக் கொடுத்த ஐம்பதுகளின் வண்டி. ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டர் பெட்ரோல் இஞ்சின். "ஓடுறப்ப பானெட் மேல ஒத்த ரூபாயை நிக்க வைக்கலாம்டா" என்பார். நான் பார்த்ததில்லை. எனக்கு விவரம் தெரிவதற்குள் அந்த இஞ்சினைக் கழற்றிவிட்டார்கள்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. பெட்ரோல் ஏறிய வேகத்தில் நெல் விலை ஏறவில்லை. முதலாளி சில வருஷம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு பட்டறையில் விட்டு, மேட்டடார் வேனின் சின்ன டீசல் இஞ்சினை வெல்டிங் வைத்து உள்ளே உட்கார வைத்துவிட்டார். ராஜா மாதிரி வெளியே, டிராக்டர் மாதிரி உள்ளே. பெரியப்பா என்ன செய்வார் தெரியுமா? கல்யாண வீடு கண்ணில் பட்டதும் இஞ்சினை அணைத்து, வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டியே வாசலில் நிறுத்துவார். பி.காம். படித்த எனக்கு முதலாளியின் கணக்கு சரியென்றுதான் படுகிறது. டீசல் வந்ததால்தான் பெரியப்பாவுக்கு மேலும் பதினைந்து வருஷம் சம்பளம் வந்தது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்!

அமெரிக்காக்காரனும் இதைச் செய்தான். எட்டு சிலிண்டர் 'வி8' உறுமலுக்கே பேர்போனது ஃபோர்டு மஸ்டாங். 1974 மாடலில் வி8 கிடையாது. 2.3 லிட்டர் நாலு சிலிண்டர், அல்லது வி6. ரசிகர்கள் இன்றும் திட்டுகிறார்கள். ஆனால் அந்த மாடல் வருஷத்தில் மட்டும் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் விற்றது.

நம் ஊரில் இஞ்சினைச் சுருக்கும் மெக்கானிக் நிதியமைச்சர். 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரை இருந்தால் வரிச் சலுகை என்றார்கள். இன்றும் அதே கோடுதான்: உள்ளே 18 சதவிகித ஜி.எஸ்.டி., வெளியே 40. 2013-ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து ஃபோர்டு இறக்கிய இகோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரே ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! அதற்குள் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இஞ்சினும் கிடைத்தது. 2022-ல் அந்த ஆலையில் கார் தயாரிப்பே நின்றுபோனது தனிக் கதை.

அதே கம்பெனி 2015 மாடல் மஸ்டாங்கை உலகத்துக்காக மாற்றியது. முதல் முறையாக ஆலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங். பல நாடுகளுக்கு 2.3 லிட்டர் டர்போ. 2016-ல் இந்தியாவுக்கு ஐந்து லிட்டர் வி8-ஐ மட்டுமே அனுப்பினார்கள், சுமார் 65 லட்சத்துக்கு. அவ்வளவு கொட்டுகிறவன் மைலேஜ் கேட்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

பத்திரிகைக்காரன் என்பதால் சென்னையில் எனக்கும் கொஞ்ச நேரம் சாவி கிடைத்தது. முதல் வேலையாக மன்னார்குடிக்குப் போன் போட்டேன். பெரியப்பாவுக்கு அப்போது எண்பது வயசு. "கேளுங்க பெரியப்பா, அசல் அமெரிக்க இஞ்சின்" என்று சொல்லிவிட்டு, போனை வெளியே நீட்டி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையே திரும்பிப் பார்த்தது.

போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏன்டா தம்பி," என்றார் பெரியப்பா, "இதுலயும் டீசலை மாத்திட்டானுங்களா?"