குட்டிக்கூரா பவுடரும் ஒரு புல்லட்டும்

புதுப்பேட்டையில் மெக்கானிக் பாயின் பட்டறைக்கு நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே புல்லட்டின் இடது பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "யாரு சார் இதைப் போட்டு இப்படி முறுக்கினது?"

நான்தான். அப்பாவின் 1986 மாடல், இரும்பு பிளாக் வண்டி. செயின் கேஸ் ஓரமாக எண்ணெய் கசிந்து வீட்டு வாசலே கறுத்துப்போயிருந்தது. தெருமுனைப் பட்டறையில் ஒருமுறை டைட் வைத்தார்கள், அடங்கவில்லை. பிறகு ஞாயிறுதோறும் நானே ஸ்பானரோடு உட்கார்ந்தேன். செயின் கேஸ் கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. இறுக்க இறுக்க நடுப்பகுதி உள்வாங்கும், விளிம்பு கோணிக்கொள்ளும். கசிவுக்கு நானே வாசல் திறந்துவிட்டிருக்கிறேன்.

பாய் ஸ்பானரைத் தொடவில்லை. உதவியாளர் தம்பி மண்ணெண்ணெயால் இன்ஜினைக் கழுவிக் காற்றடித்துக் காயவைத்தார். அலமாரியிலிருந்து குட்டிக்கூரா பவுடர் டப்பா வந்தது. குளிப்பாட்டிய குழந்தைக்குப் போடுவதுபோல இன்ஜின் முழுக்கத் தட்டினார். கிக் அடித்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் வெள்ளையில் ஈரம் கோடு கோடாக எழுந்தது. எண்ணெய் சொட்டுகிற இடம் வேறு, கிளம்புகிற இடம் வேறு; ஓட்டத்தில் காற்று அதை எங்கேயோ இழுத்துப்போய்க் காட்டும். இங்கே செயின் கேஸ் விளிம்பு, டேப்பெட் கவர், பிரீதர் குழாய் மூன்றிலும் ஈரம்.

"மூணு இடம் ஒண்ணாக் கெடாது சார். உள்ளே பிரஷர். வண்டி எத்தனை நாளா நின்னுச்சு?"

"மூணு மாசம், பாய்."

"எடுக்கறதுக்கு முன்னாடி ஆயில் ஊத்தினீங்களா?"

ஊற்றினேன். அளவு பார்க்கும் குச்சியில் எண்ணெயே தெரியவில்லையே!

இந்த இன்ஜினில் எண்ணெய்க்கு கிராங்க் கேஸிலேயே தனியாக ஒரு தொட்டி. ஒரு பம்பு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இன்னொன்று கிராங்க் சுழலும் அறையில் வடிந்ததைத் தொட்டிக்குத் திருப்பும். வண்டி நாள்கணக்கில் நின்றால் தொட்டி எண்ணெய் பம்பு வழியே மெல்ல அந்த அறைக்குள் இறங்கிவிடும். குச்சி காய்ந்திருக்கும். ஓடவிட்டுப் பார்த்திருந்தால் எல்லாம் திரும்பியிருக்கும். நான் மேற்கொண்டு ஊற்ற, மிஞ்சியது ஆயில் சீலைத் தாண்டி செயின் கேஸுக்குள் நுழைந்திருக்கிறது. ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் எண்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய காலத்து அமைப்பு இது. 2000-களின் கடைசிவரை பெரிதாக மாறவில்லை. பாய் இளவயதில் கற்றது அதனால் இன்னும் செல்லுபடியாகிறது.

டைமிங் கவர் பேக்கிங்கும் பழசு, மாற்றிவிடலாம் என்றார். கடையில் கிடைப்பதுதான், ஆனால் பாய் தானே வெட்டுகிறார். வெட்டுகிறார் என்பதுகூடத் தப்பு. பேக்கிங் ஷீட்டைக் கவர்மேல் விரித்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் விளிம்போடு தட்டிக்கொண்டே போகிறார். அலுமினிய விளிம்பே காகிதத்தை அறுத்துவிடுகிறது. போல்ட் துளைக்குப் பழைய பேரிங் குண்டு ஒன்று, அதன்மேல் ஒரு தட்டு. சத்தம் கேட்டால் தட்டான் கடை ஞாபகம் வரும். கடைசியில் ஒரு சின்னத் துளைக்கு வந்ததும் நிறுத்தி, என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். எண்ணெய் போகும் வழி. அதைத் திறக்க மறந்தாலோ, அனாபாண்ட் பசையை அள்ளி அப்பி அது வழிந்துபோய் அடைத்தாலோ, கசிவு நிற்கும். கூடவே இன்ஜினும் நிற்கும்.

தம்பி கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, செயின் கேஸ் கவரை எட்டுப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். புது ரப்பரை மாட்டியபின் பாய் அந்த நட்டை விரலாலேயே கடைசிவரை திருகினார். ஸ்பானரால் அரைச் சுற்று. அவ்வளவுதான்.

"போதுமா பாய்?"

"ரப்பர் பாத்துக்கும் சார்."

கூலியை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். பிறகு என் டூல் பாக்ஸைத் திறந்து, அந்த நட்டுக்கான ஸ்பானரை மட்டும் எடுத்துத் தன் அலமாரியில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.