சுருக்க ஸ்கேல்

பாரிவாக்கத்தில் என் மாடி அறைக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அலமாரியைப் பார்த்து, "எல்லாம் படிச்சாச்சா?" மேஜைமேல் இருக்கிற விமானத்தைப் பார்த்து, "பறக்குமா?" முதல் கேள்விக்குப் பொய் சொல்லிப் பழகிவிட்டது. இரண்டாவதற்கு நான்கு மாதம் பதில் இல்லாமல் இருந்தேன்.

விமானம் புஷ்பக். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் செய்தது. 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. இருவர் அருகருகே உட்காரலாம். 90 குதிரைசக்தி எஞ்சின். இறக்கை தலைக்குமேலே. சுமார் 160 செய்தார்கள். நாட்டின் விமானப் பயிற்சிக் கழகங்களில் பலர் இதில்தான் பறக்கக் கற்றார்கள். இறக்கை நுனிக்கு நுனி 36 அடி, உடல் 21 அடி. பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்கினால் அடி அங்குலமாகிவிடும், கணக்கே போட வேண்டாம். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குத் தேசபக்தி காரணமில்லை, இந்தச் சௌகரியம்தான்.

பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டுகிற வேலை அல்ல இது. மேலிருந்தும் பக்கவாட்டிலும் முன்னாலிருந்தும் வரைந்த ஒரு படம், சில புகைப்படங்கள், மற்றதெல்லாம் நாமே செய்துகொள்ள வேண்டும். இறக்கையின் விலா எலும்புகளுக்குப் பால்சா. ஈக்வடாரில் விளையும் மரம், கூரியரில் வரும். வளைவுகளுக்கு மூங்கில் சிம்பு. மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் சொன்ன பேச்சைக் கேட்கும். மேலே காத்தாடிப் பேப்பர். ஒட்டி, தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் விறைத்துக்கொள்ளும். (ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும். எனக்கு இரண்டு இறக்கைகள் அப்படிப் போயின.) மூன்றாவதை எங்கள் வங்கிக் கிளைக்கு வரும் நகை மதிப்பீட்டாளரிடம் கொடுத்தேன். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பத்திரண்டு கிராம், செய்கூலி சேதாரம் தனி" என்றார்.

படத்திலிருந்து அரை மில்லிமீட்டர்கூட விலகுவதில்லை என்று விரதம் வைத்திருந்தேன். வாலையும் அப்படியே செய்து ஒட்டினேன். வீட்டுக்குப் பின்னாலுள்ள காலி மனையில் கையால் வீசிப் பார்த்தபோது மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் நின்றது, தலைகுப்புற விழுந்தது. மூக்கில் களிமண் வைத்தேன். விழும் இடம் மாறியது, விழும் விதம் மாறவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய விஷயம். நீளத்தைப் பன்னிரண்டில் ஒன்றாக்கினால் பரப்பு 144இல் ஒன்றாகிறது, கனஅளவு 1,728இல் ஒன்றாகிறது. காற்று மட்டும் முழு அளவிலேயே இருக்கிறது. சிறிய இறக்கைக்கு அதே காற்று பிசுபிசுப்பாகப் படுகிறது. உள்ளே விமானியும் இல்லை, தள்ளாடினால் திருத்த ஒரு கை கிடையாது. ஆகவே வாலைப் பெரிதாக்கு, இறக்கை நுனிகளைக் கொஞ்சம் உயர்த்து என்பார்கள். நான் மறுத்தேன். பெரிய வால் வைத்தால் அது புஷ்பக் அல்ல.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரியில் முப்பது வருஷம் பேட்டர்ன் தச்சராக இருந்தவர். அவர் மரத்தில் செய்யும் அச்சை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். மதராஸின் முதல் விமானமும் தச்சு வேலைதான் என்று அவரிடம் சொன்னேன்; 1910இல் மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி'ஏஞ்சலிஸ் பல்லாவரத்தில் பறந்த விமானத்தைக் கட்டிக்கொடுத்தது சிம்ப்சனின் கோச்சு வண்டிப் பட்டறை. "பின்னே யார் செய்வா?" என்றார். பிறகு தன் பெட்டியிலிருந்து எஃகு ஸ்கேல் ஒன்றை எடுத்து வைத்தார். எனக்குத் தெரிந்த ஸ்கேல்தான். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், போட்ட கோடெல்லாம் நீளமாகி அவமானப்பட்டிருக்கிறேன். அடிக்கு அரைக்கால் அங்குலம் அதிகம் அது. ஆறும்போது வார்ப்பிரும்பு சுருங்கும் என்பதற்காக வேண்டுமென்றே தப்பாகக் கோடு போட்ட ஸ்கேல்.

"மரத்துல சரியா இருந்தா இரும்புல தப்பாயிடும்டா. உனக்கு எதுல சரியா இருக்கணும்?"

இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் இளங்கவிஞரின் முதல் தொகுப்பைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியிருந்தேன். பி.ஏ. ஆங்கிலத்தில் என் கையில் கொடுக்கப்பட்ட ஸ்கேல், எலியட் மார்க். எல்லா அளவுகளும் சரியாகத்தான் இருந்தன. இப்போது எடுத்துப் படித்தாலும் ஒரு வாக்கியத்தை அடிக்க முடியவில்லை. அந்தக் கவிதைகள் எந்தக் காற்றில் நிற்க வேண்டியிருந்தன என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அவர் அப்புறம் எதையும் பிரசுரிக்கவில்லை. என்னால்தான் என்று நினைப்பது அகந்தை. எனக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பது சௌகரியம். அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.

வாலை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று கிளம்புமுன் ஆறு மணிக்கு, ரப்பரை முந்நூறு சுற்று முறுக்கி விட்டேன். இடதுபுறமாக ஒரு வட்டம் அடித்து, இன்னொன்றில் பாதி போய், வேப்பமரத்தில் ஏறிக்கொண்டது. பத்தொன்பது வினாடி. விலா இரண்டு உடைந்திருந்தன.

சரியான அளவில் செய்த பழைய வால் மேஜை டிராயரில் இருக்கிறது. யாராவது போட்டோ எடுக்க வந்தால் அதை மாட்டிக்கொள் என்கிறார் அப்பா. கேலி செய்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.