பெரும்பாறைக்கு ஒரு பிளான்

பொட்டி தட்டுறவன் கையில எந்த வேலையைக் கொடுத்தாலும் முதல்ல ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறப்பான். அக்கா கல்யாணத்துக்கே பந்திக்கு எத்தனை இலைன்னு ஷீட் போட்டவன் நான். அதனால, ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்ச ஒரு மத்தியானம், டேமேஜர் கண்ணுல படாம 'பெரும்பாறை ஜனவரி'ன்னு புதுசா ஒண்ணை ஆரம்பிச்சதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை.

அது ஏன் பெரும்பாறை? பழனிமலை மேப்பை சும்மா நோண்டிக்கிட்டு இருந்தப்ப அந்தப் பேரு கண்ணுல பட்டுச்சு. தாண்டிக்குடி போற வழியில, தடியன்குடிசைக்கு முன்னாடி வர்ற சின்ன ஊர். பாறை ஏறுற பைத்தியம் புடிச்சவன் அப்படி ஒரு பேரைப் பார்த்துட்டு சும்மா இருப்பானா?

பாறை ஏறுறதுன்னா கயிறு கட்டிக்கிட்டு ஆயிரம் அடி தொங்குறது இல்லைங்க. நான் சொல்றது போல்டரிங். நாலஞ்சு மீட்டர் உயரமுள்ள ஒத்தைப் பாறை. கயிறு கிடையாது. ரப்பர் ஷூ, கை வழுக்காம இருக்க சாக் பவுடர், கீழே விரிக்க 'கிராஷ் பேட்'னு ஒரு தடி மெத்தை. அப்புறம் கீழே நிக்கிறதுக்கு ஒரு ஆள். அவருக்குப் பேரு ஸ்பாட்டர். விழுறவனை கேட்ச் புடிக்கிறது அவர் வேலை இல்லை (புடிச்சா ரெண்டு பேரும் காலி). தலையும் முதுகும் கல்லுல அடிபடாம, விழுறவனை மெத்தைப் பக்கம் தள்ளி விடணும். அதுக்கு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, ஏறுறவன் இடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காம நிக்கணும். கண்ணை எடுக்காம... இதை ஞாபகம் வச்சுக்குங்க.

சரி, ஷீட்டுக்கு வருவோம்.

முதல் வரிசை: எப்போ? கீழ்ப்பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பாறையெல்லாம் பாசி புடிச்சு சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். பிப்ரவரி கடைசிக்கு மேல காட்டுத்தீ காலம். நடுவுல கிடைக்கிற இடைவெளி ஜனவரி.

ரெண்டாவது: யாரைக் கேட்கணும்? பழனிமலையைத் தேசியப் பூங்கா ஆக்கணும்னு ரொம்ப காலமாப் பேச்சு உண்டு. கடைசியில 2013ல வந்தது கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், சுமார் 600 சதுர கிலோமீட்டர். அதுக்குள்ள 'சும்மா ஏறிப் பார்க்கிறேன் சார்'னு நுழைய முடியாது. நுழையவும் கூடாது. 2018 மார்ச்ல பக்கத்துக் குரங்கணி மலையில காட்டுத்தீயில சிக்கி 23 பேர் இறந்ததை மறக்க முடியுமா? அந்த வருஷமே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்துவிட்டாங்க. நல்ல விஷயம்தான், ஆனா அதெல்லாம் நடக்கிறதுக்கு. நமக்கு இருக்கிற ஒரே வழி, காட்டு எல்லைக்கு வெளியே காபித் தோட்டத்துக்குள்ள கிடக்கிற பாறைங்கதான். அதுக்குத் தோட்டக்காரர் சம்மதம் வேணும்.

மூணாவது: எதுல ஏறக்கூடாது? தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இருக்கு. அது பக்கமே போகக்கூடாது. மஞ்சள் குங்குமம் வச்ச பாறை எதுவும் கூடாது. அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஹூக்கோ டாங்க்ஸ்னு ஒரு இடம். போல்டரிங்ல நாங்க வி1, வி2ன்னு கஷ்டத்துக்கு நம்பர் போடுறோமே, அந்தக் கணக்கு பிறந்ததே அங்கதான். அங்க பாறை ஓவியங்கள் கெட்டுப்போகுதுன்னு 1998ல ஏறுறவங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்துச்சு. நம்ம ஊருக்கும் அந்த நிலைமை நம்மளால வர வேண்டாம்.

நாலாவது: என்ன கல்லு? பழனிமலையில நிறைய சார்னோகைட். 1893ல தாமஸ் ஹாலந்துங்கிற புவியியலாளர் வச்ச பேர். கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லைப் பார்த்து வச்சாராம். அந்தக் கல்லு போனது நம்ம பல்லாவரம் பக்கத்துல இருந்து! ரொம்பக் கெட்டியான கல்லு. விரல் தோலை உரிச்சுடும்.

அஞ்சாவது போக்குவரத்து. ரெண்டு கிராஷ் பேடை மடிச்சா ஒரு சின்னக் கட்டில் அளவு வரும். அரசு பஸ்ல ஏத்தினா கண்டக்டர் என்ன சொல்வாரோ, அதனால லக்கேஜ் டிக்கெட்டுக்குத் தனியா ஒரு தொகை. ஆறாவது ஆஸ்பத்திரி. மலையிறங்கி திண்டுக்கல் போகணும், வளைவு வளைவா.

ஏழாவது வரிசைதான் ஸ்பாட்டர். ஏறப்போறது ரெண்டே பேர், நானும் என் காலேஜ் நண்பனும். ஒருத்தன் ஏறினா இன்னொருத்தன் கீழே. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆனா அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்ப எனக்குக் கை வரலை.

போன வருஷம் ஜனவரியில ரெண்டு பேரும் ஹம்பி போயிருந்தோம். மூணாம் நாள் சாயங்காலம், கடைசியா ஒண்ணுன்னு அவன் ஒரு பாறையில ஏறினான். நான் கீழே. மேல் விளிம்புல கை வச்சவன் வழுக்கி விழுந்தான். மெத்தையோட ஓரத்துல பட்டு, கையைக் கல்லுல ஊன்றிட்டான். வலது மணிக்கட்டு முறிஞ்சது. ஹொசபேட்டையில மாவுக்கட்டு, ஊருக்கு வந்து ஒரு பிளேட்டு, நாலு மாசம் இடது கையால கோடிங். "பேட் நகர்ந்துடுச்சுடா"ன்னு சொன்னேன். அவனும் நம்பினான். அவங்க அம்மா எனக்குச் சாப்பாடு போட்டு, "நீ கூட இருந்தியே, அதுவே போதும்பா"ன்னு வேற சொன்னாங்க.

பேட் நகரலைங்க. நான் போனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆபீஸ்ல இருந்து ஒரு மெசேஜ். ரெண்டு செகண்ட் இருக்கும்.

அதுக்கப்புறம் அவன்தான் "மச்சான், அடுத்தது எங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான்தான் தள்ளிப் போட்டேன்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, இடம் பார்த்துட்டு வரலாம்னு தனியாக் கிளம்பினேன். திண்டுக்கல்லில் இருந்து செம்பட்டி, சித்தையன்கோட்டை, சித்தரேவு வழியா பஸ் மேல ஏறுச்சு. வாழை, ஆரஞ்சு, மிளகுக்கொடி சுத்தின மரங்க, அதுங்க நிழல்ல காபிச் செடி. பெரும்பாறையில இறங்கினப்ப லேசா தூறல். டீக்கடை அண்ணன் வழி சொல்ல, தோட்டத்து மேஸ்திரிகிட்ட கேட்டுக்கிட்டு உள்ளே போனேன். செடிக்கு நடுவுல வீடு உசரத்துக்குப் பாறைங்க! பேருக்குப் பொய்யில்லை. ஏறலை. தொட்டுப் பார்த்து, போட்டோ எடுத்து, எங்க பேட் போடலாம்னு அளந்துட்டுத் திரும்பினேன்.

டீக்கடையில ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பளியர். என் இடுப்புல தொங்கின சாக் பையைப் பார்த்துட்டு, "என்ன தம்பி, திருநீறா?"ன்னார்.

விளக்கிச் சொன்னேன். சிரிச்சார். அவர் வயசுல இருந்தப்ப பாறை இடுக்குல தேன் எடுக்க இறங்கினவராம். காட்டுக்கொடியை முறுக்கிக் கயிறாக்கி, மேல மரத்துல கட்டி, ராத்திரி இருட்டுல இறங்குறது. கீழே பாதாளம், எதிர்ல மலைத்தேனீ. எனக்கு வி4, வி5 எல்லாம் மறந்துபோச்சு.

"உங்களுக்குக் கயிறு இல்லைன்னா, கீழே நிக்கிறது யாரு?"ன்னு கேட்டார்.

"ஃபிரண்டுங்கய்யா."

"நாங்க கயிற யாருகிட்டயும் குடுக்கமாட்டோம் தம்பி. மச்சான்காரன்தான் புடிக்கணும். பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். பங்காளி கைய விட்டாலும் விடுவான். மச்சான் விடமாட்டான். தங்கச்சி தாலி அவன் கையிலல்ல இருக்கு?"

டீ ஆறிப்போச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரு நாளைக்கு நாப்பது தடவை ஒருத்தரை ஒருத்தர் மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவோம்.

கிளம்புறப்ப டீக்கடை அண்ணன், "புல்லாவெளி அருவிப் பக்கம் மட்டும் பாறையில இறங்கிடாதீங்க தம்பி"ன்னார். 2022 ஆகஸ்ட்ல ஒரு இளைஞர் அங்க வழுக்கி விழுந்து செத்துப்போனதை டிவியில பார்த்திருப்பீங்க. கூட வந்தவர் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கும்போதே நடந்தது. அது எனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா அன்னைக்கு அதைக் கேட்டப்ப வயித்தைப் பிசைஞ்சது.

அன்னைக்கு ராத்திரியே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட்ல நின்னு அவனுக்குப் போன் போட்டேன். சுத்தி வளைக்கலை. "ஹம்பியில பேட் நகரலைடா. நான் போனைப் பார்த்துட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அப்புறம் பேசுறேன்"னு வச்சுட்டான்.

ரெண்டு நாள் ஒரு மெசேஜ் கூட வரலை. சரி, பெரும்பாறை அவ்வளவுதான்னு நினைச்சேன். டிரிப் போனாப் போகுது, ஆளே போயிட்டானோன்னு இருந்துச்சு. மூணாம் நாள் ஷீட்டைத் திறந்தா (அவனோட பகிர்ந்து வச்சிருந்தேன்), கடைசியில புதுசா ஒரு வரிசை.

எட்டு: போன். ஏறுறப்ப எல்லார் போனும் பையில. ஸ்விட்ச் ஆஃப். இவனோடது என் பையில.

பக்கத்துக் கட்டத்துல: மூணாவது பேட் ஒண்ணு வாடகைக்கு விசாரிக்கவும்.

ஏழாவது வரிசை, ஸ்பாட்டர் கட்டம் மட்டும் இன்னும் காலியாத்தான் இருக்கு. நானும் நிரப்பலை, அவனும் நிரப்பலை. அதை அவன்தான் நிரப்பணும்.

ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கு.

டிஸ்கி: தோட்டக்காரர் சரின்னுட்டார். ஒரே கண்டிஷன், காபிப் பழம் பறிக்கிற ஆளுங்களுக்கு இடைஞ்சல் கூடாது, ஒரு செடி கூட ஒடியக்கூடாது. ஒன்பதாவது வரிசையா சேர்த்தாச்சு :-)