வளவு காட்டுகிறவர்



நம்மூரில் பொம்புளப் புள்ள பொறந்தால் வாப்பாவின் மனதில் அன்றைக்கே ஒரு வளவுக்கு விலை பேசத் தொடங்கிவிடும். கலியாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது கிழக்கின் வழக்கம். ஆகவே வீடு வேண்டும், வீட்டுக்கு முதல் காணி வேண்டும். சீதனம் சரியா பிழையா என்பதை இன்னொரு நாளைக்கு வைப்போம். இன்றைக்குக் காணித் தரகர்களைப் பற்றி மட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது கடைசித் தங்கச்சியின் முறை. நாங்கள் என்றால் ஆண்மக்கள் மூன்று பேர், ராத்தா, மச்சான். காசு வாப்பாவின் பணிக்கொடையில் மிஞ்சியது, கட்டாரில் நிற்கும் தம்பி அனுப்பியது, எங்கள் சீட்டுக்காசு. போனால் திரும்பி வராத காசு. அதோடு மூன்று மாதம் அலைந்ததில் ஐந்து தரகர்களைக் கண்டோம். ஒருவரைப் பிடித்துக்கொண்டோம். ஏன் அவரை என்று பலரும் கேட்பதால் எழுதுகிறோம்.

உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அளக்கும் சேர்வேயருக்கு 2002ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டமும் அனுமதிப்பத்திரமும் இருக்கின்றன. இரண்டு பேரையும் நமக்குக் கொண்டுவந்து காட்டும் தரகரிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிளும் போனும். டுபாயில் தரகர்களுக்கென்று 2006இலேயே பதிவேடு வந்துவிட்டது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் சட்டம் முகவர்களையும் பதியச் சொல்கிறது. நம்மூரில் அவரை நிறுத்துப் பார்க்கும் தராசு நம்முடைய விசாரிப்புத்தான்.

முதலில் கேட்க வேண்டியது, 'நீங்கள் யாருடைய ஆள்?' வெட்கப்படாமல் கேளுங்கள். விற்பவரிடமும் தரகு, வாங்குபவரிடமும் தரகு என்பது இங்கே சாதாரணம். அதற்கு மேல் 'மேல்காசு' என்று ஒன்றும் உண்டு. 'என் கைக்கு இவ்வளவு வந்தாப் போதும், மேல வாறது உனக்கு' என்று விற்பவர் சொல்லிவிடுவார். அந்த ஏற்பாட்டையே ஹராம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஸஹீஹுல் புகாரியில் தரகுக் கூலிக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது, இப்படிப் பேசிக்கொள்வதில் தவறில்லை என்று இப்னு அப்பாஸ் (ரழி) கருதியதாக அதிலே வருகிறது. ஆனால் மேல்காசை மறைத்துவிட்டு, 'உங்களுக்காகத்தான் விலையைக் குறைக்கப் பாடுபடுறன்' என்று எங்களிடமும் தரகு கேட்டால் அது வேறு சங்கதி. விலை ஏற ஏற அவருக்கு இலாபம். அவர் எப்படி நமக்காகக் குறைப்பார்? நாங்கள் பிடித்துக்கொண்டவர் முதல் நாளே தொகையைச் சொல்லி, அதை விற்பவரின் முன்னாலேயும் சொன்னார். அதிலேயே பாதி மனம் ஒப்பிவிட்டது.

இன்னொருவர் ஹிஜ்ரா சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. 'இல்ல காக்கா, இந்தக் காணிய மாஸ்டராக்கள் பார்த்துட்டாங்க, நீங்க கூடத் தாறண்டாலும் பொறுங்க' என்று சத்தமாகக் கதைத்தார். பத்து நிமிடத்தில் இன்னொரு அழைப்பு, அதே கதை. வாங்கும் எண்ணமில்லாத ஆளைக் கொண்டு விலையை ஏற்றுவதற்கு மார்க்கத்தில் 'நஜ்ஷ்' என்று பெயர், அது தடுக்கப்பட்டது. அழைத்தவர் உண்மையில் வாங்க வந்தவரா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கே அட்வான்ஸ் வைக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறவரிடம் நாங்கள் அடுத்த நாள் போகவில்லை.

இனி உறுதி. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

ஒரு வளவு பார்த்தோம், 12 பேர்ச். பள்ளிவாசல் கிட்ட, கிணற்றுத் தண்ணி நல்லது, உம்மாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மௌத்தாகிப்போன வாப்பாவின் பெயரில் உறுதி. காட்டிய தரகர் சொன்னார், 'ஆம்புளப் புள்ளைகள் மூணு பேரும் கையெழுத்து வைப்பாங்க, ஒரு பிரச்சினையும் இல்ல.' எங்கள் தரகரிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: 'பொம்புளப் புள்ளைகள் எத்தனை பேர்?'

இரண்டு பேர். 'அவங்களுக்கு வீடு குடுத்தாச்சே' என்பது அண்ணன்மார்களின் பதில். இந்தப் பதிலை நம்மூரில் கேட்காதவர் யார்? ஆனால் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் பின்னுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மரண உயில் இல்லாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின்படி பிரியும். உயிரோடு இருக்கும்போது மகளுக்கு வீடு கொடுத்தது அவளுடைய வாரிசுப் பங்கை அழித்துவிடாது. தாயும் மௌத்து என்பதால் கணக்கு இலேசு. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மூன்று ஆண் ஆறு, இரண்டு பெண் இரண்டு, மொத்தம் எட்டு. அந்த 12 பேர்ச்சில் மூன்று பேர்ச் கையெழுத்து வைக்காத அந்த இரண்டு ராத்தாமாருடையது. அண்ணன்மார் மட்டும் எழுதித் தந்தால் எங்கள் தங்கச்சி அவர்களோடு கூட்டுச் சொந்தக்காரியாகிவிடுவாள். வீடு கட்டிப் புள்ளகுட்டியோடு இருக்கும்போது ஒரு நாள் பிரிவினை வழக்குக் கடதாசி வரலாம். அதைவிடப் பெரிய விசயம், யாரோ ஒரு பெண்ணின் பங்கை எடுத்து நம்முடைய பெண்ணுக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். சகோதரிகள் இருவரும் வந்து கையெழுத்து வைத்துத் தங்கள் பங்குக் காசை வாங்கினால் எடுப்போம் என்று சொல்லி அனுப்பினோம். பதில் வரவில்லை. உம்மாவுக்கு இன்னும் அந்தக் கிணற்றில் ஆசை.

குடும்பத்து மரத்தை இப்படி வேர்வரை தெரிந்தவர்தான் நம்மூருக்குத் திறமையான தரகர். விலை தெரிந்தவர் தெருவுக்குத் தெரு இருக்கிறார்.

மல்கம்பிட்டிப் பக்கம் ஒரு காணி பாதி விலைக்கு வந்தது. அது பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் எழுதினால் அந்த உறுதி செல்லாது, நொத்தாரிசு அதை எழுதவும் கூடாது. 'வெள்ளைக் கடதாசியில எழுதி ரெண்டு சாட்சி வைப்பம்' என்றார் கொண்டுவந்தவர். காணி விற்பனை நொத்தாரிசின் முன்னால் எழுதப்பட வேண்டும் என்பது 1840இல் இருந்தே இந்த நாட்டின் சட்டம். அதேபோல வட்டையில் வயலை நிரப்பி 'வீட்டு வளவு' என்று விற்பதும் நடக்கிறது. கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொன்னால் தரகரின் முகம் சொல்லிவிடும்.

காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்ப்பதற்குக் கூட வருவாரா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதினால், பிந்தி வாங்கியவர் நேர்மையாக விலை கொடுத்து முந்திப் பதிந்துவிட்டால் அவருக்கே முன்னுரிமை. அதனால் ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பது எழுதுவதற்கு முதல் நடக்க வேண்டும். சில உறுதிகளின் கடைசிப் பக்கத்தில், திறத்தவர்கள் கேட்டுக்கொண்டபடி பதிவேடு பார்க்கப்படவில்லை என்று நொத்தாரிசு குறித்திருப்பார். பல பேர் அந்த வரியை வாசிக்காமலே கையெழுத்து வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் போனிலேயே முடித்துவிடுகிறார்கள். கட்டாரில் ஓவர்டைம் செய்த காசு அது. உங்களுக்காகப் போய்ப் பார்க்க ஊரில் ஒரு ஆளை வையுங்கள், அந்த ஆள் தரகராக இருக்க வேண்டாம். நொத்தாரிசையும் நீங்களே தெரியுங்கள்.

உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டு முத்திரை வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று ஆசை காட்டுவோரும் உண்டு. நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் உறுதியில் இருக்கும் தொகைதான் கதைக்கும், கையால் கொடுத்தது கதைக்காது.

எங்கள் தரகரைப் பற்றி விசாரித்தபோது போன மாதம் வாங்கியவர்களிடம் கேட்கவில்லை, அவர்களுக்குப் புதுக் காணியின் சந்தோசம் இருக்கும். ஐந்தாறு வருடத்துக்கு முதல் அவரிடம் வாங்கிய இரண்டு குடும்பங்களையும், அவர் மூலம் விற்ற ஒருவரையும் தேடிப் போனோம். விற்றவர் சொன்னார், 'மனிசன் கொஞ்சம் மந்தம், நாலு மாசம் இழுத்தடிச்சார். ஆனா எல்லாக் கடதாசியையும் கேட்டுக் கேட்டு வாங்கினார்.' அந்த மந்தம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

இப்போது எட்டுப் பேர்ச் ஒன்று பேச்சில் இருக்கிறது. கிணறு இல்லை. பதிவேடு பார்த்தாயிற்று, வாரிசுகள் ஏழு பேரும் சம்மதம், ஒருவர் மட்டும் றியாதில் இருக்கிறார். அவருடைய அட்டோனித் தத்துவம் தூதரகம் வழியாக வரும்வரை அட்வான்ஸ் வைக்க வேண்டாம் என்று தரகரே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சேர்வேயர் வருகிறார். துஆ செய்யுங்கள்.