கண்ணாடியும் காற்றும்

நாற்பது வயது வரையில் மனிதனுடைய கைக்கு நீளம் போதுமானதாக இருக்கிறது. அதற்குமேல் போதுவதில்லை. பத்திரிகையை முதலில் ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறோம். பிறகு இரண்டு சாண். பிறகு கையை முழுவதும் நீட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தாலும் எழுத்துக்கள் எறும்புச் சாரையாகவே தோன்றுகின்றன. நமக்கு இந்தக் கட்டம் நாற்பத்து மூன்றாவது வயதில் வந்தது. அதுவும் வகுப்பறையில் வந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து உரக்க ஒரு பெயரைக் கூப்பிட்டோம். அப்படிப்பட்ட பெயருள்ள பையன் வகுப்பிலேயே இல்லை! நாற்பது பையன்களும் சிரித்தார்கள். நாமும் சிரித்து வைத்தோம். ஆனால் அன்று சாயங்காலமே கண் வைத்தியரிடம் போனோம். "வெள்ளெழுத்துத்தான். வேறொன்றும் இல்லை" என்றார் அவர். நம் பாட்டனார் காலத்தில் இதைச் சாளேசுவரம் என்பார்கள். பெயரில் ஈசுவரன் இருந்தாலும் அதை விரும்பி வரவேற்றவர் யாருமில்லை.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டு விடுகிறோம். மூக்குக் கண்ணாடி போடுவதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன் நம் பள்ளிக்கூடத்தில் பூகோளப் படம் வரையும் போட்டி ஒன்று நடந்தது. நடுவர் நாம். எட்டாம் வகுப்பில் பிறவியிலேயே பார்வை மங்கிய பையன் ஒருவன் இருந்தான். படம் வரைவதில் அவனுக்கு அபாரப் பிரியம். ஒரு பூதக் கண்ணாடியைக் கையில் கொண்டுவந்து, "ஸார், இதை வைத்துக்கொண்டு வரையலாமா?" என்று கேட்டான். "மற்றவர்கள் வெறுங்கண்ணால் வரையும்போது நீ மட்டும் கருவி வைத்துக்கொண்டால் அது போட்டியாகாதப்பா" என்றோம். "சரி, ஸார்" என்று சொல்லிப் பென்சில் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான். நியாயத்தைக் காப்பாற்றிவிட்டதாக நமக்கு அப்போது பரம திருப்தி.

அந்தத் திருப்தி நீங்கியது ஒட்டாவா நகரத்தில். கனடா தேசத்தின் தலைநகரமாகிய அவ்வூரில் நம் மைத்துனர் உத்தியோகத்தில் இருக்கிறார். ஒரு கோடை விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, நகரத்துக்கு வெளியே ஒட்டாவா நதியோரம் உள்ள கன்னாட் என்னும் துப்பாக்கி மைதானத்துக்கு அவர் நம்மை அழைத்துச் சென்றார். துப்பாக்கிக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் தீபாவளிக் கேப்போடு தீர்ந்துவிட்டது. ஆயினும், மைத்துனர் கூப்பிட்டால் மறுக்கலாமா?

அங்கே சுடுகிறவர்கள் நின்று சுடவில்லை. புல்தரையில் பாய் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு சுட்டார்கள். இலக்கு ஆயிரம் கஜத்துக்கு அப்பால், அதாவது 914 மீட்டருக்கு அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்தில் ஆளுயரப் பலகையும் ஒரு தபால் தலை போலத்தான் தெரிகிறது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு இலக்கு பள்ளத்துக்குள் இறங்கி, குண்டு பட்ட இடத்தில் ஒரு சிறு வட்டத்தைக் குத்திக்கொண்டு மறுபடி மேலே எழும்புகிறது. உயிருள்ள எதன்மீதும் சுடுவதில்லை. காகிதத்துக்கும் மனிதனுக்கும் நடக்கும் விவகாரம் அது.

இந்தப் பந்தயத்தின் பழைய முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1859-ல் அங்கே தேசிய ரைபிள் சங்கம் ஏற்பட்டது. 1860 ஜூலையில் விம்பிள்டன் மைதானத்தில் முதற் பந்தயத்தை விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தார். 1890-ல் மைதானம் ஸர்ரே ஜில்லாவிலுள்ள பிஸ்லிக்கு மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அங்கே வழங்கும் ராஜ பரிசை 1930-ல் மார்ஜரி பாஸ்டர் என்ற பெண்மணி முதல் தடவையாக ஆண்களை வென்று தட்டிக்கொண்டு போனார். ஆண், பெண் என்று பாராத பந்தயம் அது. ஆனால் கண்ணைப் பார்க்கும் பந்தயம்.

எப்படியென்றால், பழைய முறையில் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் துப்பாக்கிமீது பொருத்தக் கூடாது. துப்பாக்கியைத் தாங்குவதற்குத் தோல் வார் ஒன்றும் இரண்டு முழங்கைகளுமே உண்டு. கண்ணுக்கு அருகில் ஊசித் துளை போன்ற ஒரு துவாரம், குழலின் நுனியில் ஒரு சிறு வளையம், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் ஒரு கறுப்பு வட்டம். இந்த மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். குழலின் நுனி கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு கஜ தூரத்தில்தான் இருக்கிறது. சாளேசுவரம் வந்தவனுக்கு அந்த வளையம் கரைந்து போகிறது. கண்ணின் வில்லை வயதாக ஆக இறுகிவிடுவதே காரணம். மூக்குக் கண்ணாடி அணியலாம், தடையில்லை. ஆனால் வளையத்தைத் தெளிவாக்கும் கண்ணாடி இலக்கை மங்கச் செய்யும். இலக்கைத் தெளிவாக்குவதோ வளையத்தை விழுங்கிவிடும். முப்பது வருஷம் காற்றைப் படித்துத் தேர்ந்த கிழவர்கள் கண்ணாலும் தோள்வலியாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதாயிற்று.

அவர்களுக்காக ஒரு யோசனை சொன்னவர் ஜார்ஜ் பார்க்கர்ஸன் என்ற கனடாக்காரர். தூரதிருஷ்டிக் கண்ணாடியையும் துப்பாக்கிக்கு ஒரு தாங்கியையும் அனுமதித்து, ஒரு தனி வகுப்பு வைத்தால் என்ன என்றார் அவர். 1990-களில் இது கனடாவில் பரவிற்று. அவருடைய பெயரின் முதல் ஆங்கில எழுத்தைக் கொண்டே அதற்கு 'எப் வகுப்பு' என்று பெயர் வழங்கலாயிற்று.

"இது துப்பாக்கி சுடுவதே அல்ல, தரையில் துப்பாக்கியைக் கிடத்தி விசையைத் தட்டுவது" என்று பழைய முறைக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு ஒரு சமாசாரத்தை ஞாபகப்படுத்தலாம். 1860-ல் விக்டோரியா மகாராணி சுட்ட அந்த முதற் குண்டு இருக்கிறதே, அதுவும் இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பொருத்தப்பட்ட விட்வொர்த் துப்பாக்கியிலிருந்து போனதுதான்! பட்டுக் கயிறு ஒன்றை ராணி இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் குண்டு இலக்கின் மத்தியிலிருந்து ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் பட்டது. 1874-ல் நியூயார்க்குக்கு அருகில் கிரீட்மூரில் அயர்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் மோதியபோது, அயர்லாந்துக்காரர் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியும், அமெரிக்கர் பின்புறம் தோட்டா போடும் புதிய துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். அமெரிக்கர் 934, அயர்லாந்துக்காரர் 931. அன்று புதுமையென்று பேசப்பட்டது பிறகு எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. கருவிச் சண்டை அந்தப் பந்தயத்துக்குப் புதிதல்ல.

எப் வகுப்பு ஏற்படுத்தியவர்கள் கிழவர்களுக்குக் கருவி கொடுத்ததோடு நின்றுவிடவில்லை என்பதுதான் நம்மைக் கவர்ந்த விஷயம். கருவியைக் கொடுத்த கையாலேயே இலக்கைச் சுருக்கினார்கள். அமெரிக்காவில் ஆயிரம் கஜப் பந்தயத்தில் பழைய முறைக்காரருக்குப் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 20 அங்குலம். எப் வகுப்பாருக்கு 10 அங்குலம். கண்ணாடி எவ்வளவு உதவுகிறதோ, அவ்வளவுக்கு வட்டம் இறுகிவிட்டது.

பிறகு அந்த வகுப்புக்குள்ளேயே பிரிவுகள் வந்தன. 'எப் ஓப்பன்' என்பதில் துப்பாக்கி கண்ணாடியோடு சேர்ந்து 10 கிலோகிராம் வரை இருக்கலாம். குழலின் உள்ளளவு 8 மில்லிமீட்டருக்குள் எதுவானாலும் சரி. முன்னால் கனமான தனிப் பீடம், பின்னால் மணல் பை. இதில் பணமுள்ளவர் கை ஓங்குவது இயல்பல்லவா? ஆகவே 'எப் டி.ஆர்.' என்று இன்னொரு பிரிவு. இதில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் என்ற இரண்டு சாதாரணத் தோட்டாக்களுக்கு மட்டுமே இடம். துப்பாக்கியோடு பொருத்திய இரு கால் தாங்கியும், கண்ணாடியும், எல்லாம் சேர்ந்து 8.25 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 'எப் ஸ்டாண்டர்ட்' என்று மூன்றாவதும் உண்டு. தோட்டா அதே இரண்டு, ஆனால் முன் பீடம் வைத்துக்கொள்ளலாம். வயோதிகர்களுக்காகப் பிறந்த வகுப்புக்கு வாலிபர்களும் வந்து சேர்ந்தார்கள். அதற்கென்று உலகப் பந்தயங்களும் நடக்கின்றன. 2013-ல் அமெரிக்காவில் ராட்டன் என்ற ஊரிலும், 2017-ல் நாம் நின்ற இதே கன்னாட் மைதானத்திலும் நடந்தன.

அன்று மைதானத்தில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சுட்டு முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நம்மைத் தம் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். தபால் தலை சாப்பாட்டுத் தட்டாகப் பெருத்துவிட்டது. "இனி அடிப்பதற்கு என்ன கஷ்டம்?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டோம்.

"இலக்குக்கு முன்னால் என்ன தெரிகிறது?" என்றார் அவர்.

கானல் தெரிந்தது. ஓடைத் தண்ணீர் போல இடமிருந்து வலமாக நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அதுதான் காற்று. .308 குண்டு ஆயிரம் கஜம் போய்ச் சேர ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் பூமி அதைச் சுமார் முப்பது அடி கீழே இழுத்துவிடும். அந்தக் கணக்கு மாறாது. ஒரு தடவை திருப்பி வைத்துவிட்டால் போதும். காற்று அப்படியல்ல. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று குண்டை ஆறேழு அடி தள்ளிவிடும். நான் ஒரே ஒரு மைல் தப்பாக மதித்தால் ஏழெட்டு அங்குலம் விலகும். என் வட்டத்திலோ மத்தியிலிருந்து விளிம்புக்கு ஐந்து அங்குலம்தான்! கண்ணாடி கானலைக் காட்டும். அதன் அர்த்தத்தை என் தலைதான் சொல்லவேண்டும்."

நமக்கு உடனே பூதக் கண்ணாடிப் பையன் ஞாபகம் வந்தது. ஏனோ தெரியவில்லை, முன்பின் அறியாத அந்த மனிதரிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டோம். சொல்லி முடித்து, "ஊர் போய்ச் சேர்ந்ததும் அவனைப் போன்றவர்களுக்கென்று ஒரு தனி வகுப்பு வைக்கப்போகிறோம்" என்று பெருமையாகவும் கூறினோம்.

அவர் பாயைக் கட்டுவதை நிறுத்தினார். "அந்தப் பையன் பூதக் கண்ணாடியால் பார்த்தால், மற்றப் பையன்கள் வெறுங்கண்ணால் பார்ப்பதைக் காட்டிலும் அதிகமாகக் காண்பானா?"

"இல்லை. அவ்வளவுகூடக் காணமாட்டான்."

"என் கண்ணாடி இருபது வயதுப் பிள்ளையின் கண்ணைவிட அதிகம் காட்டுகிறது. அதனால்தான் எனக்குத் தனி வகுப்பு, சின்ன வட்டம். உங்கள் பையனுக்குத் தனி வகுப்பு எதற்கு? மற்றவர்களோடேயே உட்கார வைக்க வேண்டியதுதானே?"

பி.ஏ. பட்டம் பெற்று இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த நமக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. கருவி என்ற வார்த்தையைக் கேட்டதும் கதவைச் சாத்தினோம். அது எவ்வளவு கொடுக்கிறது என்று அளந்து பார்க்கவில்லை. அதிகம் கொடுத்தால் வட்டத்தைச் சுருக்கலாம். இழந்ததை மட்டும் திருப்பிக் கொடுத்தால், பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அளந்து பாராத நியாயம் சோம்பேறித்தனத்துக்கு இன்னொரு பெயர் என்றே இப்போது நமக்குத் தோன்றுகிறது.

ஊருக்குத் திரும்பி வந்தோம். பள்ளிக்கூடம் திறந்ததும் பூகோளப் போட்டியின் விதிகளில் ஒரு வரி சேர்த்தோம்: 'பார்வை குறைந்தவர்கள் பூதக் கண்ணாடி உபயோகிக்கலாம்; பரிசு எல்லோருக்கும் ஒன்றே.' பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டு அனுப்பினோம். மீசை அரும்ப ஆரம்பித்திருந்தது. அவனுக்கென்று ஒரு நல்ல பூதக் கண்ணாடியும் வாங்கி மேஜைமேல் வைத்திருந்தோம். அன்று நாம் செய்தது தவறு என்றும் சொன்னோம். உபாத்தியாயர் வாயிலிருந்து அந்த வார்த்தை சுலபமாக வருவதில்லை. தொண்டையில் சற்று நின்றுதான் வந்தது.

அவன் விதிகளை மூக்கருகில் பிடித்து மெதுவாகப் படித்தான். "ரொம்ப நன்றி, ஸார். ஆனால் இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. படம் வரைவதை விட்டு இரண்டு வருஷமாகிவிட்டது" என்றான். அவன் குரலில் குறை ஒன்றும் தொனிக்கவில்லை. அதுதான் நம்மை அதிகம் வருத்தியது. "ஏழாம் வகுப்பில் என்னைப் போல ஒரு பெண் இருக்கிறாள், ஸார். அவளுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"அவசியம் சொல்லு. இந்தக் கண்ணாடியையும் அவளிடம் கொடுத்துவிடு" என்றோம்.

கதவுவரை போனவன் திரும்பிப் பார்த்தான். "ஸார், உங்களுக்கும் இப்போது கண்ணாடியா?" என்றான்.

"ஆமாம், அப்பா" என்றோம்.