ஜில்லுவும் காரப்பொடியும்

எங்க வீட்டுப் பூனை பேரு ஜில்லு. ரெண்டு மாசக் குட்டியா வந்தா. வந்ததுலேர்ந்து அவளுக்கு ஒரே மெனுதான்: அவிச்ச காரப்பொடி. காலையில காரப்பொடி, ராத்திரி காரப்பொடி, தீபாவளிக்கும் காரப்பொடி. தெருவுக்கு வர்ற மீன்கார அக்கா "இந்தா, உன் பொண்ணுக்கு"ன்னு ஒரு கை அள்ளிப் போட்டுட்டுப் போவாங்க. வேற எதை வெச்சாலும் மோந்து பார்த்துட்டு, மண்ணைத் தள்ளி மூடுற மாதிரி தரையைப் பிராண்டிட்டு நடையைக் கட்டிடுவா. நானும் வர்ற சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் "எங்க ஜில்லு காரப்பொடி தவிர எதையும் தொடமாட்டா"ன்னு பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன்.

2024 ஏப்ரல்ல அந்தப் பெருமைக்கு வெச்சாங்க ஆப்பு. நம்ம கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற சமயம்னு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அதுக்கு முந்தின வருஷங்கள்ல அக்கா நாட்டுப்படகு மீன்ல எப்படியோ தேத்திக் கொடுத்துட்டாங்க. அந்த வருஷம் அவங்களும் ஊருக்குப் போயிட்டாங்க. மார்க்கெட்ல காரப்பொடி கண்ணுலயே படல.

முதல் நாள் கோழி வெச்சோம். தொடல. ரெண்டாவது நாள் முட்டை. திரும்பிக்கூடப் பார்க்கல. அம்மா பதற ஆரம்பிச்சாங்க. நான்தான் பெரிய ஞானி மாதிரி, "விடும்மா, பசிச்சா தானா தின்னும்"னு சொன்னேன். மூணாவது நாள் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்தவ, கூப்பிட்டும் வரல. ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட ஓடினோம்.

"எத்தனை நாளா சாப்பிடல?"ன்னு கேட்டார். "மூணு நாள் சார்"னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, இன்னும் மறக்கல.

நாய் ரெண்டு நாள் பட்டினி கிடந்தா பெரும்பாலும் சமாளிச்சுக்கும். பூனை அப்படி இல்லையாம். சாப்பாடு நின்னதும் உடம்புல இருக்குற கொழுப்பு மொத்தமா லிவருக்குப் போகும். பூனையோட லிவரால அவ்வளவையும் கையாள முடியாம, கொழுப்பு அங்கேயே தங்கி அதை முடக்கிடும். ரெண்டு மூணு நாள் பட்டினியே ஆபத்து, குண்டுப் பூனைன்னா இன்னும் மோசம். ஜில்லு நல்ல குண்டு.

ட்ரிப்ஸ் போட்டாங்க. ரெண்டு நாள் ஊசியில்லாத சிரிஞ்சுல கூழ் மாதிரி ஊட்டினோம். அப்புறம் ஒரு ராத்திரி, கோழி வெந்த தண்ணியை அவளா நக்கினா. அம்மா அழுதுட்டாங்க. நான் அழலைன்னு வெச்சுக்குங்களேன்.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம்தான் சுருக்குன்னு தச்சுது. குட்டியா இருக்கும்போது எந்த வாசனை, எந்தப் பதம் பழகுதோ அதைத்தான் பூனை பெரும்பாலும் சாப்பாடுன்னே நினைக்குமாம். அதாவது ஜில்லு பிடிவாதக்காரி இல்ல. ஒரே சாப்பாட்டைப் போட்டுப் போட்டு அவளைப் பிடிவாதக்காரியா ஆக்கினது நாங்க. "ஒரே சப்ளையரை நம்பி வியாபாரம் பண்ணாதே"ன்னு பி.காம். பரீட்சையில பக்கம் பக்கமா எழுதின ஆளு நான்!

மாத்துறதை மெதுவாத்தான் பண்ணோம். தடைக்காலம் முடிஞ்சு காரப்பொடி வந்ததும், அதுலயே ஒரு ஸ்பூன் கோழியைப் பிசைஞ்சு வெச்சோம். ஏழெட்டு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா அளவைக் கூட்டினோம். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர்ற வேலையே இல்ல. ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்ததை அப்படியே வைக்காம வெதுவெதுப்பா வெச்சா வாசனை தூக்கும், உடனே வருவா. இனிப்பு காட்டி ஏமாத்தலாம்னா நடக்காது. பூனையால இனிப்பை ருசிக்கவே முடியாது, அதுக்கான மரபணு செயல்படலைன்னு 2005-லயே கண்டுபிடிச்சுட்டாங்க.

இப்போ பாதிச் சாப்பாடு, எல்லாச் சத்தும் சேர்த்த பூனை உணவு. அதுலயும் ரெண்டு மூணு ருசியை மாத்தி மாத்தி வைக்கிறோம். மீதிக்கு ஒரு நாள் கோழி, ஒரு நாள் முட்டை, ஒரு நாள் முள் எடுத்த மீன். ஈரல் வாரத்துக்கு ஒரு சின்னத் துண்டுதான், அதிகமானா வைட்டமின் ஏ விஷமாயிடும். வெந்த தண்ணியைக் கொட்டுறதில்ல. பூனையோட கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் அதுலதான் கரைஞ்சு இறங்கும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு மட்டும் கிட்டயே காட்டக் கூடாது, பூனையோட ரத்தத்தையே கெடுத்துடும்.

2025 தடைக்காலம் வந்ததும் தெரியல, போனதும் தெரியல. ஜில்லு இப்பவும் புது ஐட்டம்னா முதல்ல தரையைப் பிராண்டத்தான் செய்யுறா. ஆனா அப்புறம் சாப்பிட்டுடுறா.

சொந்தக்காரங்க வந்தா நான் இப்போ, "எங்க ஜில்லு எதைப் போட்டாலும் சாப்பிடுவா"ன்னு சொல்றேன். பெருமைப்பட வேண்டிய விஷயம் இதுதான்னு புரிய எனக்கு மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் பட்டினி கிடந்தது அவ.