எர்த் பின்னை வெட்டியவர்



மாடியில் மகன் படித்த அறையைப் பாட்டுக் கேட்கும் அறையாக மாற்றுகிறேன் என்று போன மாதம் போட்டோ போட்டிருந்தேன். "என்ன ஒயர் சார் போட்டீங்க?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். பதில் கொஞ்சம் நீளம். நடுவில் என் குட்டு ஒன்றும் வெளிப்படும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யோசனை சொன்னவன் என் அக்கா மகன். "மாமா, ஆம்ப்ளிஃபயருக்கு வெளிநாட்டு பவர் கேபிள் ஒண்ணு வாங்கிடுங்க, சத்தம் அப்படியே தெளிஞ்சிடும்" என்றான். விலையைக் கேட்டதும் ஆம்ப்ளிஃபயரே மலிவு என்று தோன்றியது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பம் கம்பமாக அலுமினியக் கம்பியில் தொங்கி, சுவருக்குள் செம்புக் கம்பியில் ஓடி வருகிற மின்சாரம், கடைசி ஒன்றரை மீட்டரில் வெள்ளி பூசிய கேபிளைப் பார்த்ததும் திருந்திவிடுமா என்று கேட்டேன். "நீங்க மாறவே மாட்டீங்க மாமா" என்று போனை வைத்துவிட்டான்.

பிறகு பேப்பரும் பேனாவும் எடுத்தேன். பழக்க தோஷம். மெயின் பெட்டியிலிருந்து மாடி அறைக்கு 12 மீட்டர். போக, வர 24 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். ஆக 24 மீட்டருக்கு 0.18 ஓம். என் கருவிகள் எல்லாம் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தாலும் குறைகிற அழுத்தம் 0.36 வோல்ட். இன்னும் தடிமனாக 4 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 0.22 வோல்ட். 230 வோல்ட்டில் இந்த 0.14 வோல்ட் வித்தியாசத்தை என் வயசுக் காது கண்டுபிடிக்கப் போவதில்லை. எனவே 2.5 போதும். ஒயர் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

தடிமனைவிட முக்கியம், தனி லைன். மெயின் பெட்டியிலிருந்து அந்த அறைக்கென்றே ஒரு லைன், அதற்குத் தனி 16 ஆம்பியர் எம்.சி.பி. ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எதுவும் அதில் கிடையாது. பாட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே போர்டில், ஒரே எர்த்தில்.

வேலை செய்ய வந்தது என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பில் ஓம் விதியில் முட்டை வாங்கியவன். இன்று ஊரில் நல்ல எலெக்ட்ரீஷியன். பழைய ஆம்ப்ளிஃபயரை நகர்த்தும்போது அதன் பிளக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்று பின்களில் பெரிய பின், எர்த் பின், அடியோடு இல்லை. "சார், இதை யாரு சார் வெட்டினது?"

நான்தான். 2003-இல்.

அந்த வருஷம்தான் டி.வி.யின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தேன். கொடுத்த நிமிஷமே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். எம்.டி. ராமநாதன் கேசட் போட்டால், அவர் கீழ்ஸ்தாயியில் இறங்கி நிற்கிற இடத்திலேயே அதுவும் வந்து நிற்கும். கேபிள் டி.வி. ஒயரைப் பிடுங்கினால் இரைச்சல் போய்விடும். காரணம் புரிந்துவிட்டது. கேபிள்காரரின் ஒயருக்குத் தெருவில் எங்கோ ஓர் எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு என் வீட்டு எர்த். இரண்டுக்கும் இடையே உள்ள சிறிய அழுத்த வேறுபாட்டால் ஆடியோ ஒயரின் வெளிப்பின்னல் வழியே மின்சாரம் சுற்றுகிறது, நொடிக்கு 50 முறை ஆடிக்கொண்டு. சரியான வைத்தியம் கேபிள் டி.வி. ஒயரில் ஒரு ஐசொலேட்டர் போடுவது. அன்றைக்கு எனக்குப் பாட்டு கேட்டாக வேண்டும். ஹேக்ஸா பிளேடால் இரண்டு நிமிஷ வேலை. இரைச்சல் நின்றது. அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

எர்த் எதற்கு என்று ஆண்டுதோறும் பச்சைச் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டியவன் நான். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் கெட்டு பேஸ் இரும்புப் பெட்டியைத் தொட்டால், எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியே பாய்ந்து ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொடும்வரை பெட்டி காத்திருக்கும். இதைப் பரீட்சையில் எழுதாதவனுக்கு மார்க்கைக் குறைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த பிளக்கில்தான் பாட்டு கேட்டேன்.

போன வருஷம் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். தரை துடைத்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று சத்தத்தைக் கூட்டப் போனவள், "தாத்தா, எறும்பு கடிக்குது" என்றாள். செருப்பு போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு நான் பேப்பர் படித்தேன்.

இதையும் அவனிடம் சொன்னேன். "பாப்பா தொட்டுச்சா சார்?" என்று மட்டும் கேட்டான். பேசாமல் மெகர் எடுத்து வைத்துப் பார்த்தான். முகம் மாறியது. டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் பாதி போயிருந்தது. பிறகு அவனாகவே கொல்லைப்புறம் போனான். எர்த் குழியில் பைப்போடு கம்பியைப் பிணைத்த கிளாம்ப் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. அதாவது வீடு முழுக்கவே எர்த் இல்லை. எத்தனை வருஷமாகவோ.

எனவே ஒயருக்கு என்று ஒதுக்கிய பணம் முதலில் மண்ணுக்குத்தான் போனது. புதுக் குழி, புது பைப், கரி, உப்பு. கோடையில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எர்த் சரியாக இருந்தால், ஒழுக்கு தொடங்கியதுமே அது தட்டிவிடும். மனிதன் தொடும்வரை காத்திருக்காது. டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிப் புதிதாகச் சுற்றி வாங்கினோம்.

இரைச்சல்? டி.வி.க்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே இப்போது ஆப்டிகல் கேபிள். சத்தம் வெளிச்சமாகப் போகிறது; செம்பே இல்லாததால் எர்த் சுற்றிவர வழியில்லை. (பழைய ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் நுழையாது, நடுவில் சின்ன மாற்றுப்பெட்டி ஒன்று வேண்டும்.) இன்வெர்ட்டர் லைனை இந்த அறைக்குக் கொடுக்கவில்லை, நம் வீடுகளில் பலவும் ஸ்கொயர் வேவ், ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் உறுமும். மின்விசிறியின் பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அலையை வெட்டி வெட்டி அனுப்பும். அதை எடுத்துவிட்டு கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டாயிற்று. ஸ்பீக்கர் ஒயர் பவர் ஒயரோடு ஒரே பைப்பில் போகாது.

மொத்தச் செலவு அந்த வெளிநாட்டுக் கேபிளின் விலையில் பாதிகூட ஆகவில்லை. மருமகப் பிள்ளை இதைப் படிப்பான் என்று நம்புகிறேன்.

வெட்டுப்பட்ட பிளக்கை அவன் எடுத்துப் போய்விட்டான். தன்னிடம் வேலை கற்கும் பையன்களுக்குக் காட்ட வேண்டுமாம். யார் வெட்டியது என்று சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். "சொல்வேனா சார்?" என்றான். இப்போது நானே சொல்லிவிட்டேன்.